பச்சை விளக்கு எரிகிறது

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. இதுவும் ஒரு செய்தியா என்று வெளியூர் வாசகர்கள் நினைக்கலாம். கோவில்பட்டியில் இது செய்திதான். சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியே வருகிற தண்ணீரைக் குடத்துக்கும் தவலைக்கும் கணக்குப் பார்த்துப் பிடித்து வைக்கிற ஊர் இது. சித்திரையில் போர் தண்ணீரும் ஆழத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட மாதத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு, ஒரு வீட்டு மாடியிலிருந்து தெருச் சாக்கடை வரையில் தண்ணீர் ஓடினால் அந்த வீட்டுக்காரனைத் தெரு லேசில் மன்னிக்காது. எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன சார், மாடியில குற்றாலமா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் வீட்டு போர் வற்றிப் பதினைந்து நாளாகிறது என்பது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு போய் மோட்டாரை நிறுத்தினேன்.

இத்தனைக்கும் அந்த மோட்டாரை நான் நிறுத்த வேண்டிய அவசியமே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தானியங்கிப் பெட்டி வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன். மாடித் தொட்டி நிறைந்தால் அது மோட்டாரை நிறுத்தும், குறைந்தால் ஓட்டும், கீழே தரைத் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் எத்தனை தரம் கெஞ்சினாலும் ஓடவிடாது. பெட்டியின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அது எரிந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அந்த விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் படுக்கப் போவேன். அன்றும் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோதும் அது சற்றும் வெட்கமில்லாமல் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. யந்திரத்தின் மேல் கோபப்படுவது அறிவீனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், ஐ.டி.ஐ. படித்தவன். முதல் நாள் ராத்திரியே தொலைபேசியில் நான் விசாரித்த கடைக்காரர், "போர்டு போயிருக்கும் சார், பெட்டியையே மாத்திருங்க" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆகவே, வந்தவன் உடனே பெட்டியைத் திறப்பான் என்று நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். அவன் ஸ்டூலைத் திரும்பியும் பார்க்காமல் மாடிக்கு ஏறினான்.

"பெட்டியைப் பார்க்கவில்லையா, தம்பி?" என்று கேட்டேன்.

"பெட்டிக்கு என்ன சார் தெரியும்? அது தொட்டியையா பாக்குது? கம்பி சொல்றதைத்தானே அது கேக்குது?" என்றான்.

தொட்டிக்குள் தொங்கிய மூன்று கம்பிகளையும் இழுத்து வெளியே போட்டான். ஒவ்வொன்றின் நுனியிலும், சுண்ணாம்பில் தோய்த்து எடுத்ததுபோல் வெள்ளையாக ஒரு தடிப்பு. விஷயத்தை அவன் எனக்கு விளக்கினான். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்லன். இண்டர்மீடியட்டில் நான் எடுத்தது சரித்திரம். ஆனாலும் புரிந்தது. ஒரு கம்பி தொட்டியின் அடி வரையில் போகிறது. இன்னொன்று பாதியில் நிற்கிறது. மூன்றாவது விளிம்புக்குச் சற்றுக் கீழே. தண்ணீர் ஏறி வந்து மேல் கம்பியைத் தொட்டால், தண்ணீர் வழியாக ஒரு துளி மின்சாரம் ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். அந்தத் துளி வந்து சேர்ந்தால் 'தொட்டி நிறைந்தது' என்று பெட்டி அறிந்துகொள்ளும். எங்கள் நிலத்தடித் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கரிசலை நாலு முழம் தோண்டினால் சுக்கான் கல் தட்டுப்படுகிற பூமி அல்லவா? உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுகமாக ஓடும். ஆனால் அதே தண்ணீர் கம்பியின் மேல் படிய விட்டுப் போகிற சுண்ணாம்பு மின்சாரத்தை மறித்து விடும். கம்பி கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். இருந்தும் தண்ணீர் தன்மேல் பட்டதாக அதற்குத் தெரியாது. 'இன்னும் நிறையவில்லை, இன்னும் நிறையவில்லை' என்றே அது பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மலிவான சில பெட்டிகளில் கம்பிக்கு ஒரே திசையில் மின்சாரம் விடுவார்களாம். அப்போது அந்த மின்சாரமே கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிடுமாம்.

அவன் சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் கேட்டு வாங்கி, கம்பிகளை அதில் முக்கினான். கீழே போய்ப் பெட்டியைப் பார்க்கச் சொன்னான். தண்ணீர் இல்லை என்றது பெட்டி. பிறகு என் மனைவியிடம் எலுமிச்சம்பழம் கேட்டான். "புளி போதாதா? குத்துவிளக்கையே புளி போட்டுத்தானே விளக்குகிறேன்" என்றாள் அவள். புளியே போதும் என்று அவனும் ஒப்புக்கொண்டான். தேய்த்துக் கழுவி மறுபடியும் வாளியில் முக்கியபோது பெட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று மட்டும் கடைசியில் திறந்து பார்த்தான். ஒட்டவில்லை, ஓரத்தில் நாலைந்து எறும்புகள் குடியிருந்தன, அவ்வளவுதான். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். நான் கேட்ட கேள்விகளுக்கே அது தகும்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அவன் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் ஓர் அழைப்பு வந்தது. கழுகுமலைச் சாலையில் ஒரு கிராமத்தில், தோட்டத்துக் கிணற்று மோட்டார் பத்து இருபது நிமிஷம் ஓடி நின்று விடுகிறதாம். "பெட்டி கெட்டுப் போச்சு, உடனே வா" என்று ஒரு பெண் குரல் சத்தமாகச் சொல்வது எனக்கே கேட்டது. கதை எழுதுகிறவனுக்கு இருக்கக் கூடாத குணமோ, இருக்க வேண்டிய குணமோ, எனக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி உண்டு. "நானும் வரட்டுமா?" என்று கேட்டு, அவன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐப்பசியில் கால் வைத்தால் முழங்கால் வரையில் இழுத்துக்கொள்கிற மண், சித்திரையில் காலை விட்டால் உள்ளே போகிற அளவுக்குப் பிளந்து நிற்கும். இந்தப் பக்கம் பெரும்பாலும் மானாவாரி. கிணறு உள்ள நிலத்துக்குத் 'தோட்டம்' என்ற தனி மரியாதையே உண்டு. நாங்கள் போன தோட்டத்தில் பழைய கல்கட்டுக் கிணறு ஒன்று. அதன் வாயில் கமலைக் கல் இன்னும் அப்படியே இருந்தது. கிணற்றுக்குள்ளேயே போர் போட்டு, அதில் மோட்டாரை இறக்கியிருந்தார்கள். அரை ஏக்கர் மிளகாய். ஓரத்தில் கொஞ்சம் கத்தரி. அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

"ஏய்யா, நேத்து வரைக்கும் ஒரு மணி நேரம் ஓடிச்சு. இன்னைக்கு இருபது நிமிசத்துல நின்னு நின்னு போகுது. இந்தப் பெட்டிக்கு என்ன கேடுன்னு பாரு" என்றாள்.

இங்கே தொட்டியும் கிடையாது, தொங்கும் கம்பியும் கிடையாது. இந்தப் பெட்டி வேறு வகை. மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மட்டும் அது கவனித்துக்கொண்டிருக்கும். தண்ணீரைத் தூக்குகிற மோட்டாருக்குப் பாரம் உண்டு. அதனால் அதிகம் இழுக்கும். தண்ணீர் தீர்ந்து வெறுமனே சுற்றுகிற மோட்டார் குறைவாக இழுக்கும். குறைந்த உடனே பெட்டி நிறுத்திவிடும். ஏனென்றால், நீருக்குள் மூழ்கிக் கிடக்கிற இந்த மோட்டாருக்குச் சூட்டைத் தணிப்பதும் அதைச் சுற்றியுள்ள தண்ணீர்தான், பம்பின் புஷ்களுக்கு மசகு எண்ணெய்போல் இருப்பதும் அந்தத் தண்ணீர்தான். தண்ணீரில்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும்.

அவன் வயரின்மேல் டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டு மோட்டாரைப் போட்டான். எட்டு ஆம்பியர் காட்டியது. குழாயில் தண்ணீர் திமுதிமுவென்று விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னக் கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கால் மணிக்குப் பிறகு ஏழு, ஆறரை, குழாயில் தண்ணீர் இளைத்து, காற்றும் நீருமாகத் துப்பியது, ஐந்துக்குக் கீழே போனது. பெட்டி நிறுத்தியது.

"பெரியம்மா, பெட்டி சரியாத்தான் இருக்கு. கிணத்துலதான் தண்ணி இல்லை" என்றான்.

காலையில் நான் பார்த்த பெட்டி பொய் சொன்னது. இது உண்மை சொல்லியது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவன் கொடுக்கிற பெயர் ஒன்றே: 'கெட்டுப் போச்சு'. நமக்குப் பிடிக்காத பதிலைச் சொல்கிற எதையும் முதலில் பழுதென்றுதான் நாம் எண்ணுகிறோம். அப்படி எண்ணுவதும் எப்போதும் தவறென்று சொல்ல முடியாது. உண்மையிலேயே பழுதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க அந்தப் பையனிடம் ஒரு வழி இருந்தது. நாம் சந்தேகமில்லாமல் அறிந்த தண்ணீரில் அதை முக்கிப் பார்ப்பது. அல்லது இன்னொரு கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இவ்வளவு எளிய வழியை மனிதர் விஷயத்தில் நாம் கையாளுகிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை.

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னும் பத்து நாளு தாக்காட்டிட்டா பழம் எடுத்துருவேன். அதைக் கழட்டிட்டு டைரக்டாக் குடுத்துருய்யா" என்றாள்.

"காயில் போயிரும் பெரியம்மா. மோட்டாரை வெளிய எடுக்குறதுக்கே ஆளு கூலி, அப்புறம் காயில் கட்ட வேற…"

"எனக்குத் தெரியாதா? பெட்டி இல்லாத காலத்துல நான் மோட்டார் ஓட்டலையா? குழாய்கிட்டயே உக்காந்திருக்கேன். காத்து வந்தா நிறுத்திப்புடுதேன். இது நின்னா மறுபடி போட விடவே மாட்டேங்குது. ஊறுன தண்ணிய ரெண்டு வாளின்னாலும் எடுக்கணும்லா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் தண்ணீர் ஊற்றுக்கண் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஊறும். பெட்டிக்கு இருக்கிற கணக்கு, நின்றபின் இத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. அவளுக்கு இருக்கிற கணக்கு, மிளகாய்ச் செடி இத்தனை நாள் காத்திருக்காது என்பது. என் தாத்தா இந்தச் சீமையில் கமலை இறைத்தவர். வடத்தின் இழுப்பிலேயே சாலில் நீர் எவ்வளவு என்று தெரியும் என்பார். கிணறு வற்றி அடிச் சகதி வந்துவிட்டால் மாடு பின்வாங்கி வரும்போதே அதற்கும் தெரிந்துவிடும் என்பார். 1944-ல் பாபநாசத்தில் மின்சாரம் எடுத்தார்கள். பின்னாலே படிப்படியாக இந்தக் கிராமங்களுக்கும் கம்பி வந்தது. மின்சாரத்தை நம்பிய கரிசல் விவசாயி பட்ட பாட்டைக் கி. ராஜநாராயணன் 'கரண்ட்' என்று ஒரு கதையாகவே எழுதினார். 1992-ல் ஹரிஹரன் அதை இந்தியில் படமாக எடுத்தார். மோட்டார் வந்ததும், வடத்தைப் பிடித்திருந்த கைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல் போயிற்று. அந்தத் தெரிதலைத்தான் இப்போது ஒரு பெட்டிக்குள் வைத்துக் காசுக்கு வாங்குகிறோம். இந்த அம்மாள் சில நாட்களுக்கு அதைப் பெட்டியிடமிருந்து தானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். வேறொன்றும் இல்லை.

பையன் யோசித்தான். பெட்டியைத் திறந்தான். மின்சார அளவை நிர்ணயிக்கிற சின்னத் திருகு ஒன்று உள்ளே இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் அதைக் கடைசி வரையில் திருப்பிவிட்டான். இனிமேல் தண்ணீர் இல்லாவிட்டாலும் அது நிறுத்தாது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவன் முடிக்கவில்லை. பச்சை விளக்குக்குப் போகிற வயரைப் பிடுங்கி டேப் சுற்றி ஒதுக்கினான். மூடியை மாட்டினான். பையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து மூடியின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினான்: 'தண்ணி இல்லேன்னா நிக்காது. ஆள் பாக்கணும்.'

திரும்பி வரும்போது கேட்டேன். "விளக்கு எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டுமே, அதை ஏன் பிடுங்கினாய்?"

"பெரியம்மாவுக்குத் தெரியும் சார். லீவுக்கு மகன் வருவான். கூலிக்கு ஒரு ஆளு தண்ணி பாய்ச்ச வருவான். பச்சை எரியுதுன்னு பாத்துட்டுப் போயிப் படுத்துருவான்ல?"

நான் இதைப் பற்றி அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எச்சரிக்கிற ஒன்றை வாயடைப்பது சரியா, தப்பா என்று பொதுவாகக் கேட்டால் தப்பென்றுதான் எல்லோரும் சொல்வோம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைத் திறந்து பார்த்தால், மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை நாலு இழையாக முறுக்கிக் கட்டியிருப்போம். முன்னொரு நாள் அடிக்கடி ஃபியூஸ் போய்த் தொல்லை கொடுத்ததற்கு நாமே செய்த வைத்தியம் அது. என் தகப்பனார் செய்திருந்தார். அவருக்கு அது தெரியும். ஆகையால் மழைக்காலத்தில் அவர் பயந்து நடந்துகொண்டார். அந்த வீட்டை வாங்கியவர்களுக்கு அது தெரியாது. கட்டை அதன் இடத்தில் இருக்கிறது. பீங்கான் வெள்ளை வெளேரென்று பளபளக்கிறது. அவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

எங்கள் கரிசலில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் உண்டு. எர்த் குழி வெட்டி, குழாயை நட்டு, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது அருமையாக வேலை செய்யும். சித்திரையில் மண் காய்ந்து சுருங்கிக் குழாயை விட்டு விலகி நின்றுவிடும். தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்தக் குழாய் வெறும் அலங்காரம். பச்சைக் கம்பி சுவரோடு ஒழுங்காக இறங்கி மண்ணுக்குள் போவது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணோ அதைத் தொடவில்லை. எர்த் இல்லாத வீட்டில் ஜனங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தொடுவார்கள். இருப்பதாக நினைக்கிற வீட்டில் ஈரக் கையோடு தொடுவார்கள்.

ஆகவே அந்தப் பையன் ஒரே செயலாகச் செய்ததில் நான் இரண்டைக் காண்கிறேன். எச்சரிக்கையை நிறுத்தினான், அது ஒன்று. நிறுத்தியது நிறுத்தியதாகவே தெரியும்படி செய்தான், அது மற்றொன்று. முதலாவதற்கு அந்த அம்மாளுக்கு உரிமை உண்டு. மோட்டார் அவளுடையது, மிளகாய் அவளுடையது, நஷ்டமும் அவளுடையது. விளக்கை மாத்திரம் எரியவிடுவதற்கு அவளுக்கும் உரிமை இல்லை, அவனுக்கும் இல்லை. அந்த விளக்கு அவளோடு பேசுவதில்லை. உண்மை தெரியாமல் பின்னால் வரப்போகிறவனோடு பேசுகிறது.

சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று தோன்றுகிறதா? 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி இரவு மெக்ஸிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைஸன்' என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் பதினொரு பேர் மாண்டார்கள். அந்த ஜூலையில் நடந்த விசாரணையில், மேடையின் தலைமை மின்னணுத் தொழில்நுட்பாளர் ஒரு விவரம் சொன்னார். வாயுவும் நெருப்பும் தெரிந்தால் மேடை முழுவதும் அலற வேண்டிய அபாயச் சங்கைத் தானாக ஒலிக்காதபடி நிறுத்தி வைத்திருந்தார்களாம். உணர்கருவிகள் உணரும், கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது தெரியும், சங்கு மட்டும் ஊதாது. காரணம், பொய் எச்சரிக்கைகள் விடிய மூன்று மணிக்கு ஆட்களை எழுப்பிவிடக் கூடாது என்பது. எவ்வளவு மனிதாபிமானமுள்ள காரணம், பாருங்கள்! 1984 டிசம்பரில் போபாலிலும் காப்புகள் இல்லாமல் இல்லை. விஷத் திரவத்தைக் குளிர்விக்க யந்திரம் இருந்தது. பல மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. கசிகிற வாயுவை எரிக்கக் கோபுரம் இருந்தது; அதற்குப் போகிற குழாயைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றியிருந்தார்கள். ஆலைச் சுவருக்கு வெளியே குடிசையில் தூங்கியவன் அந்தக் கோபுரத்தைத் தினமும் பார்த்தவன்தான்.

மூன்று மணிக்குப் பொய்யாக அலறும் சங்கையும், எங்கள் வீட்டுச் சுண்ணாம்புக் கம்பியையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. எச்சரிக்கையின் வாயை அடைக்கிறவர்கள் கெட்டவர்களாக இருப்பது அபூர்வம். அவர்களில் பலர் தூக்கம் கெட்டவர்கள். கம்பியை மாதம் ஒரு தரம் கழுவியிருந்தால் பொய் வந்திருக்காது. பொய் வராதிருந்தால் கம்பியைப் பிடுங்க மனம் வந்திருக்காது. என் வீட்டுத் தொட்டி வழிந்ததற்கு நான் யந்திரத்தைக் கோபித்தேனே, இரண்டு வருஷத்தில் ஒரு தரமாவது தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேனா?

ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினீயர் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இந்தக் கதையைச் சொன்னபோது அவர் மெக்கானிக்கின் கட்சியில் சேரவில்லை. "எழுதி ஒட்டிவிட்டால் பாவம் தீர்ந்ததா? இன்றைக்குப் பத்து நாள் என்பார்கள். பத்து நாள் போன பிறகு யார் வந்து திருகைத் திருப்புவார்கள்? எழுத்து பழகிப் போனால் அதை ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஆலையில் 'அபாயம்' என்று எழுதிய பலகையில் நான் சட்டை தொங்கப் பார்த்திருக்கிறேன்" என்றார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் ஸ்தானத்தைப் பெறும் என்று வள்ளுவரே விட்டுக்கொடுத்திருக்கிறாரே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வள்ளுவர் மோட்டார் ஓட்டினதில்லை" என்று முடித்துவிட்டார்.

அதே வள்ளுவர், இடித்துச் சொல்கிற துணை இல்லாத அரசன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட அரசனாவது தனக்கு அந்தத் துணை இல்லை என்பதை ஒரு வேளை அறிந்திருப்பான். இடித்துச் சொல்கிறவரைச் சபையில் உட்கார்த்தி, சம்பளமும் கொடுத்து, வாயை மட்டும் தைத்து வைத்திருக்கிற அரசனைப் பற்றி அவர் ஏன் பாடாமல் விட்டார் என்று தெரியவில்லை. உலகத்தில் அந்த வகை அரசர்களே அதிகம்.

அந்த வகையில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்டிப் போவது சரியல்ல. எனக்கு ஒரு நண்பர் இருந்தார், இருக்கிறார். இந்த வட்டாரத்தில் எழுத வருகிற எவனுக்கும் இடைசெவலின் நினைப்பு வராமல் போகாது, கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊரில் பிறந்து, ஒருவர் எழுத்தை ஒருவர் படித்து வளர்ந்தவர்கள் அல்லவா? எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. என் முதல் மூன்று நாவல்களையும் கையெழுத்துப் பிரதியில் படித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியவர் அவர். நாலாவது நாவலில் ஒரு பாத்திரத்தைப் பற்றி, "இவள் அழுகிறாள், எனக்கு அழுகை வரவில்லை" என்று எழுதினார். எனக்குக் கோபம். அவர் கண்ணில் தான் உப்புப் படிந்திருக்கிறது என்று தீர்மானித்தேன். வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்குப் பிரதி அனுப்புவதை நான் நிறுத்தியிருந்தால்கூட நேர்மையாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. அச்சுக்குக் கொடுத்துவிட்ட பிறகு அனுப்பினேன். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த நிலையில் அவரும் நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்பினார். இப்படி இரண்டு நாவல். முன்னுரையில் அவருக்கு நன்றி வேறு சொன்னேன்: 'பிரதியைப் படித்துத் திருத்தங்கள் கூறிய நண்பருக்கு' என்று. வாசகர்கள் பார்த்த பச்சை விளக்கு அது.

சென்ற ஆவணியில் என் புதிய நாவலின் முதல் ஏழு அத்தியாயங்களை, அச்சுக்குக் கொடுக்காமல், அவருக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதில் இருந்ததை இங்கே எழுதப் போவதில்லை. ஏழில் இரண்டை இப்போது மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், மெக்கானிக்கை வழியில் பார்த்தேன். அந்தப் பக்கந்தான் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டான். கிணற்றில் தண்ணீர் கையால் மொண்டுவிடலாம்போல் மேலே நின்றது. அந்த அம்மாள் மிளகாய் எடுத்துவிட்டாளாம். விலை மட்டும் கேட்காதே என்றாள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பெரியம்மா, இப்பத் தண்ணி கெடக்கு. திருகைப் பழையபடி வச்சிரட்டுமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்யா. இப்பம்தான் வத்தாதே, பெறகு எதுக்கு? மாசியில பாத்துக்கிடலாம்" என்றாள் அவள்.

என்ஜினீயர் நண்பரின் முகம் என் கண்முன் வந்தது. பையன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் பெட்டியின் பக்கம் போய்ப் பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் மார்க்கர் எழுத்து மங்கி, 'நிக்காது' என்பதில் பாதிதான் மிஞ்சியிருந்தது. அவனும் பின்னால் வந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் மூடியைத் துண்டால் துடைத்தான். பையைத் துழாவினான். மார்க்கர் இல்லை. தோட்டத்து வீட்டுத் திண்ணையில், மாட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்ட் டப்பா ஒன்று கிடந்தது. ஒரு குச்சியின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கிக்கொண்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.